காணிக்கைப் பை வெஸ்டரிக்குள் வந்த பிறகு

ஆசீர்வாதம் கூறி முடிந்தது. பாடகர் குழு கலைகிறது. ஜனங்கள் வாசலில் நின்று ஒருவரையொருவர் நலம் விசாரிக்கிறார்கள். சபையின் பணம் கைமாறுவது அந்த நேரத்தில்தான். ஆலயத்தின் அங்கி அறையான வெஸ்டரியில் பொருளாளர் ஒருவரே பையைக் கவிழ்த்து எண்ணுகிறார். உபதேசியார் ஒரு மூலையில் அங்கியை மடித்துக்கொண்டிருக்கிறார். வேறு யாரோ ஞாயிறு பள்ளிச் சாவியைத் தேடி உள்ளே வந்து போகிறார். எண்ணி முடித்த தொகை ஒரு துண்டுச் சீட்டில் ஏறி, அந்தச் சீட்டு சட்டைப் பைக்குள் போகிறது. மறுநாளோ மறுவாரமோ நோட்டில் பதிவாகிறது.

சபைப் பணத்தைத் திருடுகிறவர்கள் குறைவு. திருடாமலேயே பெயர் கெட்டுப்போனவர்கள் ஏராளம். இந்த அத்தியாயம் அவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. திருநெல்வேலிப் பக்கம் சேகரம், குருவானவர் என்பார்கள். சென்னையில் ஆயர், கமிட்டி என்பார்கள். லுத்தரன் சபைகளில் குருசேகரம் என்பார்கள். பெயர் எதுவானாலும் பை ஒன்றுதான். எனவே உங்கள் ஊர்ப் பெயரை வைத்தே வாசித்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவது எப்படி

பணத்தோடு ஒருவர் தனியாக இருக்கக் கூடாது என்பது முதல் விதி. பொருளாளர், குருவானவர், பிஷப்பின் மைத்துனர் என்று யாருக்கும் இதில் விலக்கு இல்லை. எண்ணுவதற்கு இரண்டு பேர் வேண்டும். இருவரும் ஒரே குடும்பத்தாராக இருக்கக் கூடாது. கணவன் மனைவி, மாமன் மருமகன் ஜோடிகள் சிறிய ஊர்ச் சபைகளில் தானாகவே அமைந்துவிடும். அதைத் தவிர்க்க ஒரு பட்டியல் போட வேண்டியிருக்கும். மாதத்தின் ஒவ்வொரு ஞாயிறுக்கும் யார் எண்ணுவது என்று முன்கூட்டியே எழுதி வெஸ்டரிக் கதவில் ஒட்டிவிடுங்கள். பொருளாளர் எண்ணுகிறவராக இருக்க வேண்டியதில்லை, இல்லாமலிருப்பதே நல்லது. அவர் வேலை எண்ணிய பணத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வது.

அந்தப் பட்டியலில் பெண்கள் பெயரும் இருக்கட்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கணக்கு நோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஐந்து ரூபாய் ஊறுகாய் பாக்கெட்டுக்குக்கூட அதில் ஒரு வரி இருக்கும். ஆனாலும் பல ஊர்களில் வெஸ்டரி இன்னும் ஆண்கள் உலவும் அறையாகவே இருக்கிறது. சபையின் மிகச் சுத்தமான கணக்கை எழுதுகிறவர்களை வெளியே நிறுத்திவிட்டு, கணக்கு சரியில்லை என்று கமிட்டியில் சண்டை போடுவது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது.

எண்ணுகிற மேசையில் அச்சடித்த தாள் ஒன்று வேண்டும். தேதி, எந்த ஆராதனை, 500 ரூபாய் நோட்டு எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை, நாணயம் எவ்வளவு, கவர்களில் வந்தது எவ்வளவு, மொத்தம் எண்ணாலும் எழுத்தாலும். பேனாவால் எழுத வேண்டும். தவறினால் அதன்மேலேயே திருத்தி எழுதாமல் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதி இருவரும் சுருக்கொப்பம் இட வேண்டும். பிறந்தநாள், திருமண நாள், சுகமடைந்ததற்கான ஸ்தோத்திரம் என்று கவரின் மேல் எழுதி வருபவற்றைத் தனியாகக் குறியுங்கள். கவருக்குள் இருந்த தொகையை அந்தக் கவரின் மேலேயே எழுதி, ஆண்டுத் தணிக்கை முடியும்வரை கட்டிவைக்க வேண்டும். 'நான் ஆயிரம் போட்டேன், ஐநூறு என்று வாசித்தார்கள்' என்ற புகார் வரும்போது அந்தக் கவர்தான் பேசும்.

தாளுக்குக் கார்பன் நகல் வையுங்கள். மூலம் கணக்குக் கோப்புக்கு, நகல் குருவானவரிடம். ஆராதனைப் பதிவேட்டில் அன்றைய காணிக்கைத் தொகையையும் அன்றே ஏற்றிவிட வேண்டும். மூன்று இடத்தில் ஒரே எண் இருந்தால் பிறகு ஒன்றை மட்டும் மாற்ற யாராலும் முடியாது.

எண்ணுவதற்கு முன் பையிலிருந்து ஒரு ரூபாயும் வெளியே போகக் கூடாது. நான் பார்த்தவரையில் பணம் அதிகம் கசிகிற இடம் இதுதான், அதுவும் நல்லெண்ணத்தோடு. தேவசெய்தி கொடுக்க வந்தவர் பஸ்ஸுக்குக் கிளம்புகிறார், 'இந்தாங்கய்யா' என்று பையிலிருந்தே ஐநூறு எடுத்துக் கொடுக்கிறார்கள். பூக்காரம்மா காத்திருக்கிறார், அவருக்கு இருநூறு. மைக் செட்டுக்காரருக்கு முந்நூறு. மிச்சத்தை எண்ணி எழுதுகிறார்கள். செலவு எல்லாமே நியாயமானதுதான். ஆனால் அன்று வந்த காணிக்கை எவ்வளவு என்பது இனி உலகில் யாருக்கும் தெரியாது. இதற்கு மருந்து சின்னதுதான்: கமிட்டி ஒரு தொகையைச் சில்லறைச் செலவுக்கு முன்பணமாகப் பொருளாளரிடம் கொடுத்துவைக்கட்டும். செலவுக்கு வவுச்சர், வவுச்சரில் வாங்கியவர் கையெழுத்து. மாதக் கடைசியில் வவுச்சர்களைக் காட்டி மறுபடி நிரப்பிக்கொள்ளலாம்.

அடுத்த வேலைநாளில் வங்கி. தாளில் 7,430 என்று இருந்தால் வங்கிச் சீட்டிலும் 7,430 என்றே இருக்க வேண்டும். 7,000 கட்டிவிட்டு 430-ஐக் கையில் வைத்திருப்பது கணக்கறிந்த எவருக்கும் உறுத்தும். நாணயத்தைப் பணம் போடும் இயந்திரம் வாங்காது என்பதால் பலர் அதைக் கடைக்காரரிடம் மாற்றுவார்கள். மாற்றலாம், தாளில் ஏறிய பிறகு, அதே தொகைக்கு. பையில் மோதிரமோ தங்கக் காசோ விழுந்தால் எடையையும் அடையாளத்தையும் தாளில் எழுதிப் படம் எடுத்துவைத்து, கமிட்டி தீர்மானத்தோடு பகிரங்கமாக விற்க வேண்டும். கமிட்டி உறுப்பினர் ஒருவர் 'நானே விலை போட்டு எடுத்துக்கொள்கிறேன்' என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

யோய்தாவின் பெட்டி

இதையெல்லாம் சொன்னால் ஒருவர் எழுந்து, 'தேவனுடைய வீட்டில் நம்பிக்கை இல்லையா?' என்று கேட்பார். அவர் அநேகமாக 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தை எடுப்பார். ஆலயத்தைப் பழுதுபார்க்கும் வேலையை நடத்தியவர்களிடம் கணக்குக் கேட்கப்படவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று அங்கே இருப்பது உண்மைதான்.

ஆனால் அதே அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். யோவாஸ் ராஜா பழுதுபார்க்கும் பணத்தை வசூலிக்கும் பொறுப்பை ஆசாரியர்களிடமே விட்டிருந்தான். அவன் ஆட்சியின் 23-ஆம் ஆண்டு வரை வேலை நடக்கவில்லை. பணத்தை யார் தின்றார்கள் என்று வேதம் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தின் அருகே வைக்கிறான். பெட்டி நிறையும்போது ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணிக் கட்டுகிறார்கள். ஒருவர் அரண்மனை ஆள், மற்றவர் ஆலயத்து ஆள், இரண்டு வேறு அதிகாரங்கள். எண்ணிய பணம் வேலையை மேற்பார்க்கிறவர்கள் வழியாகத் தச்சருக்கும் கொத்தருக்கும் போகிறது. அந்த மேற்பார்வையாளர்களிடம் கணக்குக் கேட்காமல் இருந்ததற்கு முன், பிரதான ஆசாரியனே பெட்டியைத் தனியாகத் திறக்க முடியாத ஏற்பாடு இருந்தது.

பவுலும் அப்படித்தான். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைக் கொண்டுபோக, தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த சகோதரர்களையும் அனுப்புகிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் குற்றம் வராதபடி பார்த்துக்கொள்கிறோம் என்று 2 கொரிந்தியர் 8-இல் அதற்குக் காரணமும் சொல்கிறார். தன்னை நம்பவில்லையா என்று தீத்து கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஏலமும் கைப்பிடி அரிசியும்

ஞாயிறுக் காணிக்கையை ஒழுங்குபடுத்துவது சுலபம். ஸ்தோத்திரப் பண்டிகையில்தான் சோதனை. வாழைத்தார், தேங்காய், கருப்பட்டிச் சிப்பம், சேவல், முட்டை, புடவை, கேக் என்று வந்து குவியும். மாலை ஆராதனைக்குப் பிறகு ஏலம். ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரங்களுக்குப் போகும். எடுத்தவரே திரும்பவும் ஆலயத்துக்குக் கொடுப்பார், அது மறுபடி ஏலத்துக்கு வரும். இப்போது மும்பையிலிருந்தும் துபாயிலிருந்தும் கைபேசியில் கேட்கிறார்கள். ஊரே சிரித்துக்கொண்டிருக்கும். இந்த மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து 'ஏலப் பாக்கி' என்று ஒரு பட்டியல் கமிட்டிக்கு வரும்போது அந்தச் சிரிப்பெல்லாம் வழக்காக மாறியிருக்கும்.

ஏலம் கூறுகிறவர் பக்கத்தில் எழுதுவதற்கென்றே ஒருவர் உட்கார வேண்டும். பொருள், கேட்ட தொகை, எடுத்தவர் பெயர், கைபேசி எண், கட்டியது எவ்வளவு என்று ஐந்து கட்டம். எடுத்தவருக்குச் சீட்டு அங்கேயே. தொலைபேசியில் கேட்டவருக்கு அன்றிரவே செய்தி அனுப்பிவிடுங்கள். அடுத்த ஞாயிறு அறிவிக்கும்போது 'ஏலம் போனது இவ்வளவு, கைக்கு வந்தது இவ்வளவு' என்று இரண்டு எண்ணையும் சொல்லுங்கள். முதல் எண்ணை மட்டும் பெருமையாகச் சொன்னால் அந்த வித்தியாசம் பொருளாளர் தலையில் விடியும்.

பாக்கிக்காரர் பெயரை ஆலயத்தில் வாசிக்கவே கூடாது. வாசித்தால் பணமும் வராது, ஆளும் வரமாட்டார். குருவானவரும் ஒரு மூப்பரும் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவதுதான் வழி. உற்சாகத்தில் கேட்டுவிட்டார், கையில் இல்லை என்று தெரிந்தால் கமிட்டியில் பேசித் தள்ளுபடி செய்யலாம். தீர்மானப் புத்தகத்தில் மட்டும் அது ஏற வேண்டும்.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. யார் கொண்டுவந்த பொருள் என்று மைக்கில் சொல்கிற வழக்கம். பெரிய வீட்டுக் கேக் என்றால் கேட்கப் பத்துப் பேர். தனியாக வாழும் ஒரு பாட்டி கொண்டுவந்த நாலு முட்டைக்குக் கேட்க ஆள் இல்லை. பெயரைச் சொல்லாமல் பொருளை மட்டும் தூக்கிக் காட்டினால் போதும்.

கைப்பிடி அரிசி இதற்கு நேர் எதிர். சமைக்க அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடி தனியே எடுத்துவைத்து, சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவருகிற வழக்கத்தில் யார் எவ்வளவு கொடுத்தார் என்பது தெரியாது. மிசோராமில் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை இதே முறையில் இன்றும் கோடிக்கணக்கில் திரட்டுகிறது. நம் பக்கம் பல சபைகளில் இது பாத்திரம் மட்டும் மிஞ்சிய வழக்கமாகிவிட்டது. ரேஷன் அரிசியும் பொன்னியும் கலந்து விழுகிறது, என்ன விலைக்கு விற்பது என்று தெரியவில்லை என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். இரண்டு டப்பா வைத்தால் தீர்ந்தது. எடை, விலை, வாங்கியவர் என்று மூன்றையும் எழுதிவையுங்கள். கமிட்டிக்காரர் வீட்டுக்கு மலிவாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கியூஆர் அட்டையும் கடல்கடந்த பணமும்

தூணில் ஒட்டியிருக்கிற கியூஆர் அட்டையை இன்றைக்கே உங்கள் கைபேசியில் ஸ்கேன் செய்து பாருங்கள். என்ன பெயர் வருகிறது? ஆலயத்தின் பெயரோ சேகரத்தின் பெயரோ வந்தால் சரி. பொருளாளரின் பெயரோ அவர் மகன் பெயரோ வந்தால் அட்டையைக் கிழித்துவிட்டு வங்கிக்குப் போங்கள். தனி ஆள் கணக்கில் விழுந்த காணிக்கை, வங்கியின் கண்ணில் அவருடைய பணம். அவர் திடீரென்று இறந்துபோனால் அது வாரிசுகளுக்குப் போகும், சபை கோர்ட்டில் நிற்கும். வங்கிக் கணக்கை இயக்கக் குறைந்தது இரண்டு கையெழுத்து வேண்டும். இணையவழிப் பரிமாற்றத்துக்கும் ஒருவர் பதிவு செய்து மற்றவர் ஒப்புதல் தரும் வசதி வங்கிகளில் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

ரொக்கத்தில் ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. புதுக் கோபுரம் கட்டும் உற்சாகத்தில் இதை மறந்துவிடாதீர்கள், காசோலை கேளுங்கள். 'வரிவிலக்கு உண்டு' என்று ரசீதில் அச்சடிப்பதற்கு முன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு மதத்தாரின் நன்மைக்கென்றே நடக்கும் அமைப்புகளுக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது.

வெளிநாட்டுப் பணத்தில் குழப்பம் அதிகம். கேட்க வேண்டியது பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதல்ல, கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பது. சவூதியில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அவருடைய அண்ணன் அமெரிக்கக் குடிமகனாகிவிட்டவர் என்றால், இதே ஊரில் ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தாலும், கையில் ஓசிஐ அட்டை இருந்தாலும், சட்டப்படி அவர் வெளிநாட்டவர். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அவர் பணத்தை வாங்க முடியாது. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப்பட்ட பணம் முதலில் ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்கே வர வேண்டும். 'அசன விருந்துக்கு ஒரு லட்சம் அனுப்புகிறேன்' என்று அவர் அன்போடு சொல்லும்போது மறுப்பது சங்கடம்தான். திருமண்டல அலுவலகத்தைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

வெளிநாட்டுப் பணம் இல்லாமல் நடத்துவது நமக்குப் புதிதும் அல்ல. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தையும், 1905-இல் மற்றவர்களோடு சேர்ந்து செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கத்தையும் தொடங்க உழைத்தவர். ஆள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதாக இருக்க வேண்டும் என்பது அந்த முயற்சிகளின் அடிப்படை. பின்னால் தோர்னக்கல் பேராயரான அவர் காணிக்கை கொடுப்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆளும் பணமும் நமக்கு வந்துவிட்டன. நிர்வாகம்தான் நூறு வருஷம் கழித்தும் இழுபறியில் இருக்கிறது. திருமண்டலத் தேர்தல் வழக்குகளைப் பார்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

குருவானவரும் பணமும்

குருவானவர் எண்ணுகிற மேசையில் உட்கார வேண்டாம். ஆனால் நகலில் கையெழுத்திட வேண்டும், வங்கிப் புத்தகத்தை மாதம் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். 'எனக்குப் பணம் காசு தெரியாது, ஜெபம்தான் என் வேலை' என்று சொல்கிற குருவானவர்கள் பலர் நல்லவர்கள். அந்த நல்லதனத்தின்கீழ் ஒரு செயலர் மூன்று வருஷம் ராஜாவாக இருந்துவிட்டுப் போவார்.

வீட்டு ஜெபத்துக்குப் போனால் கையில் கவர் கொடுப்பார்கள். அது குருவானவருக்கா, ஆலயத்துக்கா? 'ஐயா, இது உங்களுக்கு' என்று தெளிவாகச் சொன்னால் அவருக்கு. சொல்லாவிட்டால் அவரே கேட்டுவிட வேண்டும்: 'அம்மா, இதைக் கோவில் கணக்கில் சேர்க்கட்டுமா?' ஒரு கேள்வியில் தீர்கிற விஷயம். ஆலயத்துக்கு என்றால் அடுத்த நாளே ரசீது வீட்டுக்குப் போக வேண்டும்.

ஏழைகள் நிதி மட்டும் தனி. யாருக்குக் கொடுத்தோம் என்று சபையில் வாசிக்க முடியாது. மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி வாங்கியவர் பிறகு ஆலயத்துக்குள் தலைநிமிர்ந்து வர முடியாது. குருவானவரும் கமிட்டி தெரிந்தெடுத்த இருவரும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். பெயர்கள் அவர்களிடம் உள்ள மூடிய நோட்டில், மொத்தத் தொகை மட்டும் பொதுக் கணக்கில். தணிக்கையாளர் அந்த நோட்டைப் பார்க்கலாம், வேறு யாருக்கும் உரிமை இல்லை.

கணக்கு வாசிக்கிற நாள்

ஆண்டுக்கு ஒருமுறை சபைக் கூட்டத்தில் கடகடவென்று வாசித்து, 'ஆட்சேபம் உண்டா, இல்லை, நிறைவேறியது' என்று முடிப்பதைக் கணக்கு ஒப்புவித்தல் என்று எப்படிச் சொல்வது? மாதம் ஒரு பக்கம் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் போடுங்கள்: தொடக்க இருப்பு, வரவு, செலவு, வங்கியில், கையில். கட்டட நிதி, மிஷனெரிக் காணிக்கை, பொது நிதி மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். கோபுரத்துக்கென்று கொடுத்த பணத்தை எடுத்துத் திருமண்டலத்துக்குக் கட்ட வேண்டிய பங்கைக் கட்டுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. அவசரத்துக்கு எடுத்தே ஆக வேண்டுமென்றால் கமிட்டித் தீர்மானம் வேண்டும், அந்தத் தீர்மானத்தில் எப்போது திருப்பி வைப்போம் என்ற தேதியும் வேண்டும்.

கேள்வி கேட்கிறவரைக் கலகக்காரர் என்று முத்திரை குத்தாதீர்கள். சில பேர் கலகத்துக்கே கேட்பார்கள் என்பது எனக்கும் தெரியும். அவர்களுக்கும் வவுச்சர் கோப்பை எடுத்துக் காட்டுவதுதான் பதில். ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம் கோப்புகள் மேசையில் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஒருமுறை அறிவித்துப் பாருங்கள். முதல் வாரம் பத்துப் பேர் வருவார்கள், அடுத்த வாரம் இரண்டு பேர், பிறகு யாரும் வரமாட்டார்கள். மேசையைத் தொடர்ந்து போட்டுவையுங்கள்.

தேர்தல் முடிந்து புதுக் கமிட்டி பொறுப்பேற்கும்போது ஒப்படைப்புக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். வங்கிப் புத்தகம், காசோலைப் புத்தகம், பயன்படுத்திய ரசீதுப் புத்தகங்கள், இன்னும் எழுதாத ரசீதுப் புத்தகங்கள் முதல் எண் முதல் கடைசி எண் வரை, நிலையான வைப்புச் சான்றுகள், திருவிருந்துப் பாத்திரங்கள், இணைய வங்கியின் பயனர் பெயர், கியூஆர் கணக்கோடு இணைந்த கைபேசி எண், பீரோச் சாவி. பழையவர் ஒவ்வொன்றையும் எடுத்து வைக்க, புதியவர் பட்டியலில் டிக் போட, குருவானவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். வங்கியில் கையெழுத்து மாற்றமும் அந்த வாரத்திலேயே முடிந்துவிட வேண்டும். பழைய பொருளாளர் கையெழுத்திலேயே ஆறு மாதம் காசோலை போய்க்கொண்டிருந்தால் இரண்டு பேரில் யாரிடம் கணக்குக் கேட்பது என்று சபைக்குத் தெரியாது.